மருமகள்கள் குடிக்கும் சூடு

ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்பதால் மனிதகுலத்துக்கு இதுவரை ஒரு நன்மையும் விளைந்ததில்லை. கொர்கான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு மாணவன், விடுதிச் சுவர்ப் பத்திரிகையின் ஆசிரியன், அப்பத்திரிகையின் ஒரே எழுத்தாளன் என்ற மூன்று தகுதிகளோடு இதை அறுதியிட்டுச் சொல்கிறேன். கேட்டதையே திரும்பக் கேட்பவர்கள் உலகத்தில் மூன்று வகை. போலீஸ்காரர்கள், காது மந்தமானவர்கள், பெண் கேட்டுப் போன வீட்டில் "இல்லை" என்று சொன்னதைக் காதில் வாங்காதவர்கள். நோய்க்குக் காரணம் தேடும் ஆராய்ச்சியாளர்கள் நான்காவது வகை என்பது அந்தக் கோடையில்தான் எனக்குத் தெரிந்தது.

பர்வானே என்ற ஆராய்ச்சியாளர், மரியாதையாகச் சொன்னால் பர்வானே கானும், எங்கள் துருக்மேன் ஊரான சாரிதெபெக்கு வந்தது கோதுமை அறுப்பு முடிந்த வாரத்தில். ஒரு வெள்ளை வேன், நானூறு படிவங்கள், பன்னிரண்டு தெர்மாமீட்டர்கள். அவர் தேடி வந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான காரணத்தை. மற்ற நாடுகளில் அது ஆண்களைத்தான் அதிகம் பிடிக்குமாம். எங்கள் சமவெளியில் மட்டும் பெண்களையும் சரிசமமாகப் பிடிக்கிறது. எங்கள் பெண்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. சந்தேகப் பட்டியலில் பல பேர் இருந்தார்கள். முதலில் நின்றது தேநீர். அதிலும் தேயிலை குற்றவாளி இல்லை, சூடுதான் குற்றவாளி. இதைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள்.

அவருக்குத் துருக்மேன் மொழி தெரியாது. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குப் பாரசீகம் தெரியாது. நடுவில் நான் நுழைந்தேன். பிள்ளைப்பேறு, தாய்ப்பால், மாதவிலக்கு பற்றிய கேள்விகளை ஊர்ச் சுகாதார நிலையத்துப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். எனக்குக் கொடுக்கப்பட்ட ஆட்சிப் பரப்பு உதட்டிலிருந்து இரைப்பை வரை. என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள், தேநீரை எவ்வளவு சூடாகக் குடிக்கிறார்கள், விழுங்கும்போது ஏதாவது நிற்கிறதா. விழுங்குவது பற்றியது பதினேழாவது கேள்வி. அதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கிடைக்கும். வியாழக்கிழமை வேனில் ஏற்றி கொன்பத் நகரத்துக்குக் கூட்டிப்போய்த் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள்.

சொந்தக்காரர்களிடம் நானே கேள்வி கேட்கக் கூடாது என்று முதல் நாள் ஒரு விதி போட்டார் பர்வானே கானும். மூன்றாம் நாள் அதை அவரே எடுத்துவிட்டார். அந்த விதிப்படி பார்த்தால் நான் சாரிதெபெயில் கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய வேன் ஓட்டுநர்தான்.

தேநீர் அளக்கும் முறை இது. ஒரே கெண்டியிலிருந்து இரண்டு பியாலாக் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். ஒன்றில் தெர்மாமீட்டர். எழுபத்தைந்து டிகிரிக்கு இறங்கியதும் மற்றதைக் குடிக்கச் சொல்லி, "வழக்கமா இவ்வளவு சூடாத்தான் குடிப்பீங்களா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் எழுபது வரை காத்திருந்து மறுபடியும். பிறகு அறுபத்தைந்து. இப்படியே ஒருவர் "இதான்" என்று சொல்லும்வரை. தேநீர் ஆறுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் தொழில். இதற்காக ஒரு நாட்டில் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு மாணவன் ஒரு நாளைக்கு ஆறு வீடு முடித்தான். நான் பதினான்கு முடித்தேன். அவனுக்கு இல்லாத ஒரு நுட்பம் எனக்குத் தெரிந்திருந்தது: மாமியார்.

எங்கள் மருமகள்கள் மாமனார் முன்னால் தலைத்துணியின் ஓரத்தை இழுத்துப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். துணி வாயில் இருக்கும்வரை பேச்சு கிடையாது, ரொட்டி கிடையாது, தேநீரும் கிடையாது. சில வீடுகளில் இது இரண்டு வருடத்தில் விட்டுப்போகும். சில வீடுகளில் பேரன் பிறந்த பிறகும் விடாது. வெளி ஆள் கேள்வித்தாளோடு வந்தால் நடுக்கூடத்தில்தான் உட்கார வைப்பார்கள். நடுக்கூடத்தில் மாமனார் இருப்பார். வாயில் துணியோடு இருப்பவளிடம் எப்படிக் கேட்பது? அந்த மாணவன் மாமனார் எழுந்து போகும்வரை காத்திருந்தான். நான் மாமியாரிடம் கேட்டேன்.

எங்கள் வீடு ஐம்பத்தெட்டாம் எண். நானே போனேன். கதவைத் தட்டிக்கூடப் பார்த்தேன், முறை தவறக் கூடாது என்று.

அப்பா கம்பளத்தின் தலைமாட்டில் சாய்ந்திருந்தார், அவருடைய கெண்டியோடு. அம்மா எதிரில், அவளுடைய கெண்டியோடு. அண்ணி கதவோரம், முகத்தைப் பாதி சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, துணி பல்லில். என் மூத்த அண்ணன் மஷ்ஹதுக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் ஐந்து நாள்தான் வீட்டில் இருப்பான். நான் ஒன்பதாவது பிள்ளை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஒரு வயது. அப்பாவிடம் பேசக் கூடாது, அம்மாவிடம் அதிகம் பேசக் கூடாது, அண்ணன் ஊரில் இல்லை. மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். ஒரு வீட்டில் இருபது வருடமாகப் பேசாமல் விட்ட பேச்சு முழுவதும் என் காதில்தான் கொட்டப்பட்டது. என் கிண்டல் புத்தி எங்கிருந்து வந்தது என்று விடுதியில் கேட்பார்கள். நான் இதைச் சொல்வதில்லை.

"பேரு?" என்றேன்.

"ஓகுல்னபாத். தப்பில்லாம எழுது," என்றாள் அம்மா.

"வயசு?"

"நீ நடக்கப் பழகுனப்ப அவளுக்கு இருபத்திரண்டு. கணக்குதானே படிக்கிற, போட்டுக்கோ."

நாற்பத்தொன்று. போட்டுக்கொண்டேன். தேநீர்ச் சூட்டுக்கு வந்தபோது அம்மா தன் கெண்டியையே நகர்த்தினாள். "அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா? ஒரே வீடு, ஒரே தண்ணி. என்னை அள, போதும்." அறுபது டிகிரியில் வாய் வைத்து, "இதான். இதுக்கு மேல என் பல்லு ஒத்துக்காது," என்றாள். அம்மாவின் படிவத்தில் அறுபது. அண்ணியின் படிவத்தில் அறுபது.

"முழுங்கும்போது ஏதாச்சும் நிக்குதா?"

"இவளுக்கா? மலையைக் குடுத்தாலும் முழுங்குவா."

அப்பா சிரித்தார். அண்ணியின் தோள்களும் குலுங்கின. துணிக்குப் பின்னால் அவளும் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பதினேழாவது கேள்விக்கு "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன். மொத்தம் நாலு நிமிடம். என் சொந்தச் சாதனையை நானே முறியடித்திருந்தேன்.

வெளியே வரும்போது முற்றத்தில் அண்ணி பிடித்துக்கொண்டாள். "எனக்காக உங்கம்மா நல்லாத்தான் எழுதியிருக்காங்க பரீட்சையை. பாஸாடா நான்?"

"முதல் வகுப்பு," என்றேன்.

அந்த வாரம் "தெர்மாமீட்டர் படையெடுப்பு" என்று ஒரு கட்டுரை எழுதிச் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டினேன். செங்கிஸ்கான் விட்டுவைத்த சமவெளியைப் பன்னிரண்டு தெர்மாமீட்டர்களோடு ஒரு பெண்மணி வளைத்த கதை. பர்வானே கானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை நின்று படித்தார். "பன்னிரண்டு இல்ல, பதினொண்ணு. ஒண்ணை நீ உடைச்சிட்ட," என்று பேனாவால் திருத்தினார். பிறகு, அடுத்த வாரத்திலிருந்து பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று பொறுக்கியெடுத்து, அதே கேள்விகளை அதே ஆட்களிடம் வேறொருவர் மறுபடியும் கேட்கப் போகிறார் என்று அறிவித்தார்.

அதற்கும் ஒரு கட்டுரை எழுதினேன். தன் பெயரையே தினமும் காலையில் மனைவியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் ஓர் ஆராய்ச்சியாளர் அதில் வருவார். அதையும் அவர் படித்தார். திருத்த ஒன்றும் இல்லை என்றார்.

மறுநாள் காலை என்னை வேனுக்குள் கூப்பிட்டார். மடியில் இரண்டு அடுக்குப் படிவங்கள்.

"துர்தி ஜான், உக்காரு. இது மாமியாருங்க, இது மருமகளுங்க. நீ எடுத்த வீடுங்க. முப்பத்தொரு ஜோடி." ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். அறுபது, அறுபது. அறுபத்தைந்து, அறுபத்தைந்து. அறுபது, அறுபது. கடைசி வரை அப்படியே போயிற்று.

ஒரே குடும்பம், ஒரே கெண்டி, ஒரே சூடு என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். மாறிகளுக்கு இடையிலான தொடர்பு என்று ஒரு சொற்றொடரையும் சேர்த்துக்கொண்டேன்.

"உங்க ஆளுங்க ஒருத்தர் கெண்டியில இன்னொருத்தர் குடிக்கிறதில்ல," என்றார் அவர். "எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ அத்தனை கெண்டி. நான் கொர்கான்காரி, எனக்கே தெரியும். நேத்து மட்டும் பதினொரு கெண்டி குடிச்சிருக்கேன், இன்னும் தூக்கம் வரல."

நான் வேனின் கண்ணாடி வழியே வெளியே பார்த்தேன்.

"உன் படிவங்களை நம்பினா இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் ஆறின டீ குடிக்கிறவங்க. அப்புறம் அவங்களுக்கு ஏன் இது வருதுன்னு நான் இன்னொரு காரணத்தைத் தேடிப் போகணும். பத்து வருஷம் தேடுவேன். தேடற பத்து வருஷத்துக்கும் அவங்க இதே டீயைத்தான் குடிப்பாங்க." குரலை உயர்த்தவில்லை. முப்பத்தொரு படிவங்களையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "மறுபடியும் கேட்டுட்டு வா. இல்லேன்னா பையை மட்டும் திருப்பிக் குடு, வேற ஆளை அனுப்பறேன்."

பையை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. முப்பத்தொரு மருமகள்களின் சூட்டையும் நாலைந்து டிகிரி மேலும் கீழுமாக மாற்றி எழுதினால் போயிற்று. ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, இயற்கையாகத் தெரிகிற மாதிரி. புள்ளியியலில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு. மற்ற இடங்களில் மோசடி என்பார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து அப்பாவும் அம்மாவும் உறங்கிக்கொண்டிருந்தார்கள். எழுதுவதற்கு அமைதியான இடம் பார்த்து அடுப்படிக்குப் போனேன். அது வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும் மண் அறை. அண்ணி அங்கே தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இருபது வருடமாகப் பார்க்கிறேன், ஆனால் அண்ணி தேநீர் குடித்துப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அவளுடைய கெண்டியும் அன்றுதான் கண்ணில் பட்டது. மூக்கு உடைந்து, தகரக் குழல் செருகியது. அடுப்பிலிருந்து கொதிநீரை இறக்கி ஊற்றினாள். பியாலாவில் ஊற்றித் திரும்பக் கெண்டியிலேயே கவிழ்த்துக் கலக்குவோமே, அதைக்கூட ஒரே தடவையோடு நிறுத்திக்கொண்டு வாயில் வைத்துவிட்டாள்.

விளையாட்டாகத்தான் தெர்மாமீட்டரை எடுத்து அந்தப் பியாலாவில் விட்டேன். பாதி குடித்தாகிவிட்டிருந்தது. எழுபத்தெட்டு காட்டியது.

"அண்ணி, வாய் வேகல?"

"உங்கப்பாவோட ரெண்டாவது கெண்டிக்கும் உங்கம்மாவோட மூணாவது கெண்டிக்கும் நடுவுல எனக்குக் கெடைக்கிறது இவ்வளவு நேரந்தான். ஆறட்டும்னு உக்காந்திருந்தா அடுத்த ஜென்மத்துலதான் குடிக்கணும்."

சிரித்தேன். அவள் ஒரு ரொட்டித் துண்டை எடுத்து மேல் பக்கத்தைப் பிய்த்து ஒதுக்கி வைத்தாள். உள்ளே இருக்கும் வெள்ளையை மட்டும் தேநீரில் நனைத்து, பிசைந்து, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி சின்ன உருண்டையாக வாயில் போட்டாள். விழுங்கினாள். பிறகு அசையாமல் இருந்தாள். இரண்டு விரல்களை நெஞ்செலும்பின் நடுவில் வைத்துக்கொண்டு, கண் அடுப்பைப் பார்த்தபடி. கதவைத் தட்டிவிட்டு, திறப்பார்களா என்று காத்திருப்பவள் போல இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை எடுத்தாள்.

நான் சிரிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம். மொதல்ல கறி நின்னுச்சு. அப்புறம் ரொட்டியோட மேல்பக்கம். இப்போ உள்பக்கமே நனைச்சாத்தான் எறங்குது."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட?"

"நான் கேட்டேனே. பதினேழாவது கேள்வி."

"நீ உங்கம்மாவைக் கேட்ட," என்றாள் அண்ணி.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பதில் சொல்ல வரும்.

மேலத்தெருவில் மூன்று பேருக்கு மஞ்சள் சீட்டு வந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. தனக்கும் வரும் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தானாகக் கிளம்பி டாக்டரிடம் போவதென்றால் அண்ணன் வர வேண்டும், அப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும், அம்மா ஏன் எதற்கு என்று நூறு கேட்பாள், கேட்டுவிட்டு நாலு வீட்டில் சொல்வாள். "வேன் வந்து கூப்பிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அரசாங்கம் கூப்பிடுதுன்னு அனுப்பிடுவாங்க. சீட்டு மட்டும் வரணும்," என்றாள்.

துணிப்பையிலிருந்து ஐம்பத்தெட்டாம் எண்ணை உருவினேன். "இல்லை" என்ற கட்டத்தில் நான் போட்ட குறி அழகாக இருந்தது. அதை அடித்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒன்று போட அரை நிமிடம் ஆகாது. பேனாவை எடுத்தும்விட்டேன். பிறகு என்னவோ, அதை அப்படியே வைத்துவிட்டு வேனுக்கு ஓடினேன்.

பர்வானே கானும் நான் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை வேனில் ஓர் இடத்தை உடனே ஒதுக்கி எழுதினார். ஆனால் சீட்டைக் கிழித்துக் கொடுக்கவில்லை.

"அடிச்சுத் திருத்தின படிவத்தைக் கொன்பத்துல எடுத்துக்க மாட்டாங்க. பழசுக்குக் குறுக்கே கோடு போடு. புதுசு எடு. மொதல் கேள்வியிலேர்ந்து அவங்களைக் கேளு. நீ சொல்லி நான் எழுதக் கூடாது, அவங்க சொல்லி நீ எழுதணும்."

"எங்கிட்டச் சொல்லிட்டாங்களே, கானும்."

"எங்க வெச்சுச் சொன்னாங்க?"

"அடுப்படியில."

"அப்ப அங்கேயே போய்க் கேளு." புதுப் படிவத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "மத்த முப்பது பேரு எங்க டீ குடிக்கிறாங்கன்னு பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்ததில்லை. அவர்களில் பாதிப் பேரின் குரலே நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை அப்பா குதிரைகளைப் பார்க்கப் போனதும் அடுப்படிக்குப் போனேன். ரொட்டி சுடும் நாள் அது. அம்மா வாசலுக்கு வெளியே மூன்றடி தூரத்தில் தந்தூருக்கு முன்னால் குனிந்து, மாவை உள்சுவரில் அறைந்துகொண்டிருந்தாள். அண்ணி உள்ளே உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"பேரு?"

"என்னடா இது, உனக்குத் தெரியாதா?"

"சொல்லணும்."

"ஓகுல்னபாத்."

"அந்தத் தாள் அன்னிக்கே ரொம்பியாச்சே," என்றாள் அம்மா வெளியிலிருந்து.

"அது செல்லாதாம்மா. என் தப்பு."

என் தப்பு என்று நான் சொல்லி அம்மா கேட்டதில்லை. எட்டிப் பார்த்தாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

எல்லாக் கேள்விகளையும் கேட்டேன். வாரத்தில் எத்தனை நாள் கறி, எத்தனை நாள் காய், தண்ணீர் எங்கிருந்து, புகையில் எத்தனை மணி நேரம். அண்ணி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். சில பதில்கள் எனக்குப் புதிதாக இருந்தன. கறி வாரத்தில் மூன்று நாள் சமைக்கிறாள், ஒரு நாள்தான் அவள் பங்குக்கு மிஞ்சுகிறது. தேநீரைத் தகரக் குழல் கெண்டியிலிருந்தே அளந்தோம். எழுபத்தைந்தில் வாய் வைத்துப் பார்த்து, "ஆறிப்போச்சு," என்றாள். அப்படியே எழுதினேன்.

"பதினேழு. முழுங்கும்போது ஏதாச்சும் நிக்குதா?"

அம்மா மாவை அறையும் சத்தம் நின்றது. அடுத்த உருண்டைக்காகக் கையை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இல்ல," என்றாள் அண்ணி. பழக்கத்தில் வந்த பதில். துணிகூட வாயில் இல்லை.

படிவம் என் முழங்காலில் இருந்தது. முந்தின நாள் அவள் சொன்னது என் தலைக்குள் இருந்தது, ஆனால் அதை எழுத எனக்கு அனுமதி இல்லை. "இல்லை" என்று எழுதவும் கை வரவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அம்மாவின் கை நீண்டபடியே இருந்தது. அடுப்பில் கொதிநீர் சத்தம் போட்டது.

அண்ணி உருண்டையை அம்மாவின் கையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல் சொன்னாள்:

"இல்லன்னு எழுதிடாத. நிக்குது. நாலு மாசமா நிக்குது."

குறி போட்டேன். இந்த முறை கோணலாக விழுந்தது.

அம்மா உருண்டையோடு அங்கேயே நின்றாள். தந்தூருக்குள் ஒட்டியிருந்த ரொட்டி ஒன்று சுவரிலிருந்து நழுவி நெருப்பில் விழுந்தது, கருகும் வாசனை வந்தது, யாரும் எடுக்கவில்லை. "மலையை முழுங்குவான்னு நான்தானே சொன்னேன்," என்றாள் அம்மா. பிறகு அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையிலிருந்த மாவை வாங்கித் தானே உருட்ட ஆரம்பித்தாள். "நீ எந்திரி. அந்த டீயைக் குடி. ஆறட்டும், அப்புறம் குடி."

மஞ்சள் சீட்டு அன்று மதியமே வந்துவிட்டது. அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேனில் இன்னோர் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை அப்பாவும் கூடப் போனார். கொன்பத்தில் நடந்ததை அண்ணி திரும்பி வந்து சொல்லித்தான் தெரியும். குழாய் விடுகிற அறையில் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். அண்ணி துணியைப் பல்லில் கவ்வியபடி படுத்திருக்கிறாள், மூலையில் அப்பா. டாக்டர் இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்புறம் அப்பா எழுந்து போய், மூக்கு சுவரில் படுகிற அளவுக்கு நெருங்கி, முதுகைக் காட்டி நின்றுகொண்டாராம்.

"பள்ளிக்கூடத்துல தண்டனை குடுத்த புள்ள மாதிரிடா," என்றாள் அண்ணி. தொண்டை கட்டியிருந்தது, மெதுவாகத்தான் பேச முடிந்தது. "அந்த டாக்டர் பயந்துட்டார். பெரியவருக்கு மயக்கம் வருதா, நாற்காலி போடுங்கங்கிறார். முடியிற வரைக்கும் திரும்பவே இல்ல உங்கப்பா."

பயறு அளவுக்கு ஒரு துண்டு எடுத்திருக்கிறார்கள். பதில் வர மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரமும் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அப்பா அண்ணியின் உடைந்த கெண்டிக்குப் பதிலாகப் புதுசாக ஒன்று வாங்கி வந்து, யாரிடமும் கொடுக்காமல் அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அதில் ஊற்றிய தேநீர் ஆறும்வரை அம்மா பக்கத்தில் காவல் இருந்தாள். துணிப்பையில் இன்னும் முப்பது படிவங்கள் இருந்தன. குறுக்கே கோடு போட்டு, புதுசு முப்பது வாங்கிக்கொண்டேன்.

முதலில் போனது கால்வாய்க் கரை வீட்டுக்கு. அந்த வீட்டுப் பெரியம்மா வாசலிலேயே கம்பளி நூல் திரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா துர்தி, எல்லாந்தான் கேட்டு முடிச்சிட்டியே. மறந்துட்டியா?"

"மறக்கல பெரியம்மா. மறுபடியும் கேக்கணும்."

"அப்ப உக்காரு. கேளு, சொல்றேன்."

"உங்களையும் கேக்கறேன். மொதல்ல பின்பக்கம் போயிட்டு வந்துடறேன்."

பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் தடுக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அடுப்படியில் அய்சொல்தான் என்ற மருமகள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். என் பெரியப்பா மகனின் மனைவி. அவளிடம் நான் பேசுவது அதுதான் முதல் முறை. அவளுக்கென்று ஒரு கெண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை உட்கார்ந்தோம். பெயர், வயது, கறி, காய், புகை. பதினேழாவது கேள்விக்கு, "இல்லைங்க, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று சட்டென்று சொன்னாள், சல்லடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பியாலாவில் தெர்மாமீட்டர் எழுபத்தொன்பதில் நின்றது. எழுபத்தெட்டு. எழுபத்தேழு. முன் வாசலில் பெரியம்மா யாரையோ கூப்பிட்டுப் பேசப் போகும் சத்தம் கேட்டது. அது தூரத்துக்குப் போகும்வரை காத்திருந்தேன்.

பிறகு அதே கேள்வியை மறுபடியும் கேட்டேன்.